தப்பாக வந்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் புத்தகங்கள்

கைவேலையோ பொழுதுபோக்கு வித்தையோ கற்றுத்தரும் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால், அட்டைப்படத்தையும் பின்னட்டைப் பாராட்டையும் விட்டுவிட்டு நேராக உள்ளே புரட்டி, தப்பாக வந்த ஒன்றின் படம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுவது என் வழக்கம். கோணிப்போன பின்னல், அடியில் விரிசல் விட்ட சாடி, பிய்ந்துபோன மரப்பலகை, இறுகாமல் நழுவும் முடிச்சு, எதுவாக இருந்தாலும் சரி. அப்படி ஒரு படம் இருந்தால், எழுதியவர் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்திருக்கிறார் என்று நம்பலாம். பக்கத்துக்குப் பக்கம் முடித்து வைத்த பொருளின் பளபளப்பான படம் மட்டுமே இருந்தால், ஹாலில் மேஜை மேல் வைத்துக்கொள்ள நல்ல புத்தகம், அவ்வளவுதான்.

என் அலமாரியில் இந்த வகைப் புத்தகங்கள் கலந்துகட்டி இருக்கின்றன. முடிச்சு, தாள் மடிக்கும் ஓரிகாமி, கம்பளிப் பின்னல், தச்சு, மண்பாண்டம், பேனாவால் அழகாக எழுதும் எழுத்துக்கலை, பந்து வித்தை என்று. எல்லாவற்றுக்கும் வரிசையாக மார்க் போடப் போவதில்லை. சிலவற்றைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

முதலில் முடிச்சு. இந்தத் துறையில் கிளிஃபோர்ட் ஆஷ்லியின் 'தி ஆஷ்லி புக் ஆஃப் நாட்ஸ்' என்ற தடிமனான புத்தகத்தைத் தாண்டி யாரும் பேச முடியாது. 1944-இல் வந்தது. ஆஷ்லி ஓவியர், திமிங்கில வேட்டைக் கப்பலில் போய் வந்தவர், படங்கள் அத்தனையும் அவரே வரைந்தவை. 3,800-க்கும் மேற்பட்ட பதிவுகள், ஏறக்குறைய 7,000 படங்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் கயிறு பிடிக்கிறவர்கள் ஒரு முடிச்சைக் குழப்பமில்லாமல் குறிப்பிட வேண்டுமென்றால் அந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள். போலைன் முடிச்சு என்றால் 1010. ஒரே முடிச்சுக்கு ஊருக்கு ஒரு பெயரும் ஒரே பெயருக்கு இரண்டு மூன்று முடிச்சும் இருக்கிற துறையில் இது எவ்வளவு பெரிய உதவி என்பது கொஞ்சம் பழகினால்தான் புரியும்.

ஆனால் எனக்கு அந்தப் புத்தகத்தில் பிடித்தது எண் இல்லை, மண்டையோடு. நம்பக்கூடாத, ஆபத்தான முடிச்சுகளுக்குப் பக்கத்தில் மண்டையோட்டையும் குறுக்கெலும்பையும் சின்னதாக வரைந்து வைத்திருக்கிறார். சாதாரண ரீஃப் முடிச்சைப் பற்றி அவர் எழுதுவதைப் படிக்க வேண்டும். பொட்டலம் கட்டவும் கட்டுத்துணி கட்டவும் அது சரி, இரண்டு கயிறுகளை ஒன்றாக இணைக்க அதைப் பயன்படுத்தியதால் நேர்ந்த சாவுகளும் காயங்களும் வேறு அரை டஜன் முடிச்சுகளால் நேர்ந்ததைவிட அதிகமாக இருக்கும் என்று எச்சரிக்கிறார். எத்தனையோ முடிச்சுப் புத்தகங்கள் முதல் பக்கத்திலேயே அந்த முடிச்சைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, எதற்குப் பயன்படுத்தக்கூடாது என்று ஒரு வரிகூட எழுதாமல் அடுத்த முடிச்சுக்குத் தாவிவிடுகின்றன.

ரீஃப் முடிச்சையும் அதன் கெட்ட சகோதரனான கிரானி முடிச்சையும் ஒரு புத்தகம் எப்படிக் காட்டுகிறது என்பதே எனக்கு ஒரு சோதனை. வலதை இடதுக்கு மேலே போட்டு ஒரு சுற்று, அப்புறம் இடதை வலதுக்கு மேலே போட்டு ஒரு சுற்று, இது ரீஃப். இரண்டு தடவையும் வலதையே மேலே போட்டால் கிரானி, இழுத்தால் நழுவும். இதை எல்லாப் புத்தகமும் சொல்லும். கட்டி முடித்த பிறகு எது வந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரீஃபில் ஒவ்வொரு பக்கத்து முனையும் தன் கயிற்றோடு ஒட்டி இணையாகப் படுத்திருக்கும். கிரானியில் முனைகள் குறுக்கே துருத்திக்கொண்டு நிற்கும். ஷூ லேஸில்கூடப் பார்க்கலாம்: சரியாகக் கட்டிய பூ முடிச்சு காலுக்குக் குறுக்காகக் கிடக்கும், கிரானி முறையில் கட்டியது விரல் நுனிக்கும் குதிகாலுக்கும் நேராகத் திரும்பிக்கொள்ளும், பத்து நிமிடத்தில் அவிழும். இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிற புத்தகத்தை நம்பி வாங்கலாம்.

இவ்வளவு சொன்னாலும் முதல் முடிச்சுப் புத்தகமாக ஆஷ்லியை வாங்கச் சொல்ல மாட்டேன். எழுத்து நெருக்கம், படம் சின்னது, எதைக் கற்றுக்கொண்டால் போதும் என்று தெரியாமல் ஆயிரக்கணக்கான முடிச்சுகளுக்கு நடுவே திகைத்துப்போய் உட்கார்ந்திருப்பீர்கள். முதலில் பத்துப் பதினைந்து முடிச்சை மட்டும் பெரிய படமாகப் போட்ட மெல்லிய புத்தகம் ஒன்று. விரல் பழகின பிறகு இது. இன்னொரு விஷயம், இவ்வளவு பெரிய தொகுப்பிலும் விட்டுப்போனது உண்டு. 1978-இல் எட்வர்ட் ஹண்டர் என்ற மருத்துவர் புது முடிச்சு ஒன்றைக் கண்டுபிடித்ததாக லண்டன் 'டைம்ஸ்' முதல் பக்கத்திலேயே செய்தி வந்தது. பிற்பாடு விசாரித்தால் வேறொருவர் அதை முன்பே எழுதி வைத்திருந்தார். அந்தப் பரபரப்பில் கூடிய முடிச்சு ஆர்வலர்கள்தான் 1982-இல் சர்வதேச முடிச்சாளர் சங்கத்தை ஆரம்பித்தார்கள். ஆஷ்லியின் பிந்தைய பதிப்புகளில் அந்த முடிச்சும் 1425ஏ என்ற எண்ணில் ஏறிவிட்டது. பழைய பதிப்பு கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம், அந்த ஒன்று இல்லாததால் குடி முழுகிவிடாது.

ஓரிகாமியில் கதை வேறு. அங்கே எழுத்தே தேவையில்லாத அளவுக்குப் படமொழி வளர்ந்துவிட்டது. அகிரா யோஷிசாவா 1954-இல் வெளியிட்ட புத்தகத்தில் கோடுகளையும் அம்புக்குறிகளையும் வைத்து ஒரு முறையைக் கொண்டுவந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் சாமுவேல் ராண்ட்லெட்டும் ராபர்ட் ஹார்பினும் அதை எடுத்துக்கொண்டு பரப்பினார்கள். உள்பக்கம் மடிக்கிற பள்ள மடிப்புக்குச் சிறு கோடுகள், வெளிப்பக்கம் மடிக்கிற மேட்டு மடிப்புக்குக் கோடும் புள்ளியும் கலந்த வரி. இது ஒன்று தெரிந்தால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத மொழியில் அச்சான புத்தகத்தையும் பிரித்து வைத்து மடிக்கலாம். வேறு எந்தக் கைவேலைக்கும் இந்த வசதி இவ்வளவு சுத்தமாக அமையவில்லை. இதற்கு நேர்மாறாக, 1797-இல் ஜப்பானில் வந்த 'செம்பாசுரு ஒரிகாதா' ஒரே தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொக்குகளைச் செய்யச் சொல்கிறது. தாளை எங்கே வெட்ட வேண்டும், முடிந்ததும் எப்படி இருக்கும், இரண்டும் இருக்கின்றன. நடுவில் என்ன செய்வது என்பதை வாசகர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கொக்கு மடிக்க எல்லோருக்கும் தெரியும் என்று எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால் இன்றைக்கு வருகிற புத்தகங்களிலும் அதே நோய் வேறு உருவத்தில் இருக்கிறது. படி 3-க்கும் படி 4-க்கும் நடுவில் ஒரு பள்ளம். கொக்கு மடிக்கும்போது மேல் அடுக்கின் நுனியைத் தூக்கி மேலே கொண்டுபோகும் கட்டம் ஒன்று வரும், புதிதாக மடிக்கிறவர்களில் பாதிப் பேர் அங்கேதான் தாளைத் தூக்கி எறிவார்கள். மட்டமான புத்தகம் அதற்கு முந்தைய நிலையையும் பிந்தைய நிலையையும் போட்டு நடுவில் ஓர் அம்புக்குறியை வைத்துவிடும். நல்ல புத்தகம் பாதி திறந்த நிலையில் ஒரு படம் போடும்: நுனி மேலே எழும்பியிருக்கும், இரண்டு ஓரங்களும் உள்பக்கம் சாயத் தொடங்கியிருக்கும், முன்கூட்டியே போட்டு அவிழ்த்த மடிப்புக் கோடுகள் எங்கே திரும்புகின்றன என்று தெரியும். அந்த ஒரு படம் போதும், தாள் தானாகவே விழ வேண்டிய இடத்தில் விழும். அதனால் ஓரிகாமிப் புத்தகம் வாங்கும்போது எத்தனை உருவங்கள் என்று எண்ணாமல் ஓர் உருவத்துக்கு எத்தனை படங்கள் என்று பாருங்கள்.

கம்பளிப் பின்னல் புத்தகங்களில் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு, கேஜ். 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணிகள், அதாவது பின்னல் வளையங்கள், வர வேண்டும் என்ற கணக்கு அது. அட்டையில் மாடல் அணிந்திருக்கும் ஸ்வெட்டர் பக்கம் முழுக்க ஜொலிக்கும், கேஜ் மட்டும் ஓரத்தில் எறும்பு எழுத்தில் ஒரு வரியாக இருக்கும். அந்த ஒரு வரியில்தான் ஸ்வெட்டர் உங்களுக்குப் பொருந்துமா இல்லையா என்பது இருக்கிறது. 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்று வைத்து, மார்புச் சுற்றளவு 100 செ.மீ. வர 200 கண்ணி போடச் சொல்கிறது புத்தகம். உங்கள் கை கொஞ்சம் இறுக்கமான கை, அதே 10 செ.மீ.யில் 22 கண்ணி விழுகிறது. அப்போது அதே 200 கண்ணிக்குக் கிடைப்பது 91 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. முழுசாக 9 செ.மீ. போச்சு. வாரக்கணக்கில் பின்னிய பிறகு தெரிய வருகிற விஷயமா இது?

இதைப் பொறுப்பாகச் சொல்லித்தரும் புத்தகம், மாதிரித் துண்டை 10 செ.மீ.யைவிடப் பெரிதாகப் பின்னச் சொல்லும், ஓரத்துக் கண்ணிகள் இழுத்துக்கொள்ளும் என்பதால் நடுவில் அளக்கச் சொல்லும், அளப்பதற்கு முன் துவைத்துக் காயவைக்கச் சொல்லும், ஏனென்றால் சில கம்பளி நூல்கள் நனைந்தால் தளர்ந்துவிடும். கண்ணி அதிகமாக வந்தால் பெரிய ஊசி, குறைவாக வந்தால் சின்ன ஊசி என்று அதே பக்கத்தில் தீர்வும் இருக்கும். இவ்வளவும் சேர்த்து அரைப் பக்கம்தான் வரும். அதை ஒதுக்க முடியாதவர்கள் ஏன் புத்தகம் போடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

எலிசபெத் சிம்மர்மன் 1971-இல் எழுதிய 'நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்' இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து பிடிக்கிறது. இத்தனை கண்ணி போடு என்று கட்டளை போடாமல், உன் கையின் கேஜை அளந்துகொள், உடம்புச் சுற்றளவால் பெருக்கு, அதை 100 விழுக்காடாக வைத்து மற்றதை எல்லாம் விகிதமாகப் போட்டுக்கொள் என்பது அவர் வழி. மணிக்கட்டுக்கு 20 விழுக்காடு, மேற்கைக்கு ஏறக்குறைய 33, கழுத்துக்கு 40. உடம்புக்கு 200 கண்ணி என்றால் மணிக்கட்டில் 40, மேற்கையில் 66, கழுத்தில் 80. எந்த நூலாக இருந்தாலும் எந்த ஊசியாக இருந்தாலும் கணக்கு நிற்கும். பின்னுகிறவரை அறிவுள்ளவராக நடத்துகிற புத்தகம். நடையும் ஒரு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கிண்டலும் கறாருமாகப் பேசுவதுபோல இருக்கும். படங்கள் சுமார் என்று சிலர் குறைப்படுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிற புத்தகம் இல்லை இது. பின்னவே தெரியாதவர் முதலில் எடுத்தால் கொஞ்சம் திணறுவார். ஒரு மப்ளராவது பின்னி முடித்தவருக்கு இதைவிட நல்ல இரண்டாவது புத்தகம் எனக்குத் தெரியாது.

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே பழகுகிறவர்கள் புத்தகம் வாங்குவதற்கு முன் அது அமெரிக்கப் பாணியா பிரிட்டிஷ் பாணியா என்று பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே என்கிற அதே தையல் பிரிட்டனில் டபுள் குரோஷே. மாற்றிப் போட்டால் பொம்மை பூதமாகிவிடும். குறியீட்டு வரைபடம் போட்ட புத்தகமாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

தச்சுக்கு வருகிறேன். இதில் தலைப்பில் 'மேஜை', 'அலமாரி' என்று இருக்கிற புத்தகங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. இருபது பொருட்களுக்கு அளவுப் பட்டியல் கொடுத்திருப்பார்கள், உளியைத் தீட்டுவது பற்றி அரைப் பத்தி இருக்கும், அதிலும் 'கூராகும் வரை தீட்டவும்' என்று முடித்திருப்பார்கள். கூரானது எனக்கு எப்படித் தெரியும் என்பதுதானே கேள்வி. உருப்படியான புத்தகம் இப்படிச் சொல்லும்: 25 பாகையில் சாணை பிடித்து, விளிம்பில் மட்டும் 30 பாகையில் தீட்டு. தீட்டிக்கொண்டே வந்தால் உளியின் தட்டையான பின்பக்கத்தில் மயிரிழை போல ஒரு பிசிறு எழும்பும். கட்டை விரலைப் பின்பக்கத்திலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே இழுத்தால் (விளிம்பின் நீளவாக்கில் எக்காரணம் கொண்டும் இழுக்கக்கூடாது) அது தட்டுப்படும். முழு அகலத்துக்கும் தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. அப்புறம் பின்பக்கத்தைக் கல்லில் தட்டையாக வைத்துத் தேய்த்து அந்தப் பிசிறை எடு. கடைசியில் விளிம்பை விளக்கு வெளிச்சத்தில் நேருக்கு நேராகப் பிடித்துப் பார். வெள்ளைக் கோடு மின்னினால் அங்கே மழுங்கல் இன்னும் இருக்கிறது, கூரான விளிம்பில் ஒளி திரும்ப இடமே இருக்காது. இது சொல்லிக்கொடுப்பது. விரலுக்கும் கண்ணுக்கும் ஆளுக்கு ஓர் அடையாளம் கொடுத்துவிடுகிறது, பக்கத்தில் ஆசான் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்.

அதே மாதிரி மரத்தின் ரேகை. எந்தத் திசையில் இழைத்தால் வழவழப்பாக வரும், எந்தத் திசையில் பிய்த்துக்கொண்டு வரும் என்பதைப் பலகையின் பக்கவாட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் படம் இல்லாத தச்சுப் புத்தகத்தைக் கீழே வைத்துவிடலாம். மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது, அகலத்திலும் வருட வளையங்களின் போக்கில் சுருங்குவது ஆரத்தின் போக்கில் சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. இதைச் சொல்லாமல் மேஜைப் பலகையை நாலு பக்கமும் திருகாணி போட்டு இறுக்கச் சொல்கிற புத்தகங்கள் இருக்கின்றன. பருவம் மாறியதும் பலகை நடுவில் பிளந்துகொள்ளும், படத்தில் இருக்கும் மேஜைக்கு அந்தக் கவலை இல்லை.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், இந்த வகைப் புத்தகத்தை ஆங்கிலத்தில் ஆரம்ப காலத்திலேயே எழுதிய ஜோசஃப் மாக்ஸன், 1677-இல் கொல்லு வேலையில் தொடங்கி மாதாமாதம் சின்னச் சின்னப் பகுதிகளாக 'மெக்கானிக் எக்ஸர்சைசஸ்' வெளியிட்டபோதே, கையின் திறமையைச் சொல்லால் கற்றுத்தர முடியாது, பழகித்தான் வரவேண்டும் என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டுவிட்டார். இன்றைக்கு 'ஒரே வாரத்தில் நிபுணர் ஆகலாம்' என்று அட்டையில் போடுகிறவர்கள் அவரிடம் கொஞ்சம் பாடம் கேட்கலாம்.

சொல்லால் வராத விஷயத்துக்குச் சரியான உதாரணம் மண்பாண்டச் சக்கரம். களிமண் உருண்டையைச் சுற்றும் சக்கரத்தின் நட்ட நடுவில் ஆடாமல் நிறுத்துவது எப்படி என்று எத்தனை புத்தகம் படித்தாலும் தெரியாது. முழங்கையை உடம்போடு அண்டக்கொடு, அழுத்தத்தைத் திடீரென்று விடாதே என்பதுவரை எழுத்து கூட வரும், மிச்சம் கையின் பாடு. ஆனால் சக்கரத்தை விட்டு இறங்கிய பிறகு புத்தகத்துக்குத்தான் மதிப்பு. சாடியின் அடியில் ஆங்கில எஸ் வடிவில் விரிசல் விழுந்தால் அடிமண்ணைப் போதுமான அளவு அழுத்தி இறுக்கவில்லை. கைப்பிடி ஒட்டிய இடத்தில் விட்டுக்கொண்டால் சாடியும் கைப்பிடியும் ஒரே ஈரத்தில் இல்லை. காய்ந்து சுட்டு வரும்போது மண் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ சுருங்கும், அதனால் வேண்டிய அளவைவிடப் பெரிதாகவே செய்ய வேண்டும். இப்படி நோயும் காரணமுமாகப் பட்டியல் போட்ட பக்கங்கள் இருந்தால் அந்தப் புத்தகம் பல வருஷத்துக்கு வேலை செய்யும்.

பெர்னார்ட் லீச்சின் 'எ பாட்டர்ஸ் புக்' (1940) இந்தத் துறையில் எல்லோரும் பெயர் சொல்கிற புத்தகம். முதல் அத்தியாயமே நல்ல பாண்டம் என்றால் என்ன என்று ஒரு பெரிய பிரசங்கம். எனக்கு அது பிடிக்கும், களிமண்ணைத் தொட வந்தவருக்குப் பொறுமை போகலாம், தாண்டிப் போனாலும் குற்றமில்லை. ஆனால் பொதுவாகவே பழைய மண்பாண்டப் புத்தகங்களில் வரும் மெருகுக் கலவைகளை அப்படியே எடுத்துச் செய்யாதீர்கள். பலவற்றில் ஈயம் இருக்கும். சாப்பிடும் பாத்திரத்தில் ஈயம் கூடவே கூடாது, கலக்குகிறவருக்கும் அது நஞ்சு. பழைய சாயப் புத்தகங்களிலும் இதே கதைதான்: நிறம் நன்றாகப் பிடிக்கப் பொட்டாசியம் டைகுரோமேட் போடச் சொல்வார்கள், அது புற்றுநோய் வரவைக்கும் பொருள். படிகாரம் போட்டாலே பெரும்பாலான நிறங்களுக்குப் போதும். அந்தக் காலத்து ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மறுபதிப்புப் போடுகிறவர்கள் அந்தப் பக்கங்களில் ஓர் எச்சரிக்கைக் கட்டம் சேர்க்க முடியாதா? சிலர் சேர்க்கிறார்கள், பலர் அட்டையை மட்டும் புதுசாக்கிவிட்டு விற்கிறார்கள்.

பந்து வித்தைக்கு என் ஓட்டு 1977-இல் வந்த 'ஜக்ளிங் ஃபார் தி கம்ப்ளீட் கிளட்ஸ்'. மூன்று துணிப் பந்துகளைப் புத்தகத்தோடு கோத்தே விற்றார்கள், உருண்டு ஓடாத பந்து என்பதால் விழுந்த இடத்திலேயே கிடக்கும், அதுவே பாதி உபகாரம். முதல் பாடம் என்ன தெரியுமா? மூன்றையும் மேலே எறிந்துவிட்டு எதையும் பிடிக்காமல் விழ விடுவது. விழும் சத்தம் பழகிவிட்டால் அடுத்து வருகிற பதற்றம் போய்விடும். இவ்வளவு சாமர்த்தியமான முதல் பாடத்தை வேறு எங்கும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் வருகிற இரண்டு கோளாறுகளும் அதே கையோடு தெரிந்திருக்க வேண்டியவை. ஒன்று, இரண்டாவது பந்தை வீசாமல் கைக்குக் கை கொடுத்துவிடுவது. இன்னொன்று, பந்தை முன்னால் தள்ளித் தள்ளி வீசி அதன் பின்னாலேயே நடந்து போவது. அதற்கு மருந்து, சுவரைப் பார்த்து நெருங்கி நின்று வீசுவது.

ஓவியத்தில் பெட்டி எட்வர்ட்ஸின் 1979-ஆம் வருடப் புத்தகம் வலது மூளை, இடது மூளை என்று நிறையப் பேசும். அந்த விளக்கத்தை இன்றைய நரம்பியல் அப்படியே ஏற்பதில்லை, ஆனால் ஒரு படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து நகல் எடுக்கச் சொல்லும் பயிற்சி அசலாக வேலை செய்கிறது. மூக்கு, விரல் என்று தெரிந்ததை வரையாமல் கண்ணுக்குத் தெரிகிற கோட்டை வரைய ஆரம்பிப்பீர்கள். காரணத்தை விட்டுவிட்டுப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வீடியோ இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அசைவு, வேகம், கையின் தாளம் இதற்கெல்லாம் வீடியோதான், சண்டை போட மாட்டேன். ஆனால் ஊசியும் நூலும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருக்கும்போது பத்து விநாடி பின்னால் போவதற்கு மூன்றாவது கை வேண்டும், புத்தகத்தில் கண்ணை நகர்த்தினால் போதும். எனக்கு இரண்டும் வேண்டும்.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இயந்திரம் எழுதித் தள்ளிய கைவேலைப் புத்தகங்கள் இப்போது குவிந்து கிடக்கின்றன. 2023-இல் காட்டுக் காளான் பறிப்பது பற்றி அப்படி வந்த புத்தகங்களைப் பார்த்து நியூயார்க் காளானியல் சங்கம் நேரடியாகவே எச்சரித்தது, தப்பான காளானைத் தின்றால் உயிர் போகும் விஷயம் என்பதால். அதே வருடம் செப்டம்பரில் அமேசான், சுயபதிப்பாளர் ஒரு நாளில் ஏற்றக்கூடிய புதுப் புத்தகங்களை மூன்றாகக் குறைத்தது. மூன்று! ஒரு நாளைக்கு! குரோஷேப் புத்தகத்தில் உயிர் போகாது, பொழுதும் நூலும்தான் போகும். அட்டைப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கண்ணிகள் எங்கேயோ தொடங்கி எங்கேயும் போய்ச் சேராமல் பஞ்சாகக் கரையும், ஊசி பிடித்த கையில் விரல் ஒன்று கூடக் குறைய இருக்கும். ஒரே ஆசிரியர் பெயரில் தேனீ வளர்ப்பு, தோல் வேலை, செஸ், மெழுகுவர்த்தி என்று வரிசை கட்டி நின்றால் அடுத்ததற்குப் போய்விடுங்கள். மாறாக, பதிப்பாளர் பிழைதிருத்தப் பட்டியல் வெளியிட்டிருந்தால் அதைக் குறையாக நினைக்காதீர்கள். யாரோ அந்தப் பாட்டர்னை உட்கார்ந்து பின்னிப் பார்த்திருக்கிறார்கள், 34-ஆவது வரிசையில் கண்ணி இடிக்கிறது என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

புத்தகத்தின் கட்டுமானத்தையும் கவனிக்கணும், இதை யாரும் எழுதுவதில்லை. வேலை செய்யும்போது மேஜையில் மல்லாந்து கிடக்காத புத்தகம் பாதிப் புத்தகம். கெட்டி அட்டை, பசை முதுகு, விரித்து வைத்தால் டப்பென்று மூடிக்கொள்ளும், அதன் மேல் கத்தரிக்கோலை வைத்தால் நமக்கு வேண்டிய படமே மறைந்துபோகும். ஸ்பைரல் பைண்டிங் அழகில்லாமல் இருக்கலாம், கைவேலைக்கு அதுதான் சரி. விளக்கம் ஒரு பக்கம், அதற்கான படம் அதைத் திருப்பினால் வரும் பக்கம் என்று அமைத்தவர்களை என்ன சொல்ல. இடது கைக்காரர்களுக்கு இன்னும் மோசம், பெரும்பாலான புத்தகங்கள் அவர்களுக்கு 'படத்தைக் கண்ணாடியில் பார்க்கவும்' என்று ஒரு வரியோடு கணக்கை முடித்துவிடுகின்றன. முடிச்சுக்கு அது செல்லும். எழுத்துக்கலைக்குச் செல்லாது, எழுத்தைக் கண்ணாடியில் திருப்பினால் எழுத்தே தப்பு. அவர்களுக்கு நிப்பின் நுனி சாய்வாக வெட்டியிருக்க வேண்டும், தாளை வேறு கோணத்தில் வைக்க வேண்டும், அதற்குத் தனிப் படம் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் இரண்டு புத்தகங்களை இலவசமாகவே பார்த்துவிடலாம், இரண்டும் காப்புரிமைக் காலம் முடிந்து, இலவச மின்னூல்களுக்கான குட்டன்பர்க் தளத்தில் இருக்கின்றன. தெரேஸ் த தில்மோன் 1886-இல் வெளியிட்ட ஊசிவேலைக் கலைக்களஞ்சியம் ஒன்று: தையல், எம்பிராய்டரி, பின்னல், குரோஷே, நூலில் முடிச்சுப் போட்டுச் செய்யும் மேக்ரமே எல்லாம் ஒரே இடத்தில். புகைப்படம் கிடையாது, செதுக்குப் படங்கள்தான், ஆனால் ஊசி பாதி உள்ளே போன நிலையில், நூல் எந்தப் பக்கமாக வளைகிறது என்று தெரியும்படி போட்டிருப்பதால் இன்றைய வண்ணப் படங்கள் பலவற்றைவிடத் தெளிவு. மற்றது எட்வர்ட் ஜான்ஸ்டன் 1906-இல் எழுதிய எழுத்துக்கலைப் புத்தகம். எழுத்தின் உயரத்தை நிப்பின் அகலத்தை வைத்தே அளக்கும் பழக்கம் அதில் பிடிபடும், அது ஒன்று வந்துவிட்டால் எந்தப் பேனாவிலும் எழுத்து குட்டையாகவோ ஒல்லியாகவோ போகாது. நடை பழசு, வாக்கியம் நீளம், படங்களை மட்டும் தனியாகத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். வேண்டிய பக்கத்தை மட்டும் அச்செடுத்து மேஜைக்கு முன்னால் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், மை சிந்தினால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.